பிரேக் பட்டையும் அப்பாவின் குடும்பமும்

அந்தக் கம்பெனிக்கு இப்போது எத்தனை கிளையோ, யார் கண்டது! பஸ்ஸுக்கும் லாரிக்கும் பிரேக் பட்டை செய்கிறார்கள். வாசலில் மாலை போட்டு ஒரு படம் மாட்டியிருக்கிறது. கீழே ஸ்தாபகர் என்று எழுதியிருக்கும். அது என் அப்பாதான். 'எங்கள் குடும்பத் தொழில்' என்று அவர்கள் பெருமை பேசுவதைக் கேட்டால் எனக்கு வயிறு பற்றி எரியும்.

எங்கள் ஆட்களுக்கு அன்று மருமக்கள் வழி. ஒருவன் சம்பாதித்தது அவன் பெண்டாட்டி பிள்ளைகளுக்குச் சேராது. உடன்பிறந்தாளின் பிள்ளைகளுக்குப் போகும். அப்பாவுக்கு ஒரே தமக்கை, அவளுக்கு ஒரே மகன். அந்த அத்தான்தான் எல்லாவற்றுக்கும் அவகாசி. அப்பா கண்ணை மூடியதும் பட்டறைச் சாவி அவன் இடுப்புக்குப் போயிற்று. அம்மையும் நானும் ஆரியங்கோட்டில் அவள் பிறந்த வீட்டுச் சாய்ப்பில் போய் ஒண்டினோம். ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு முந்தி நடந்தது. அப்போது எனக்கு ஏழு வயது இருக்கும். அத்தான் வந்தால் அவன் இலையில் மட்டும் நெய் விழுகிறதே என்ற கோபம் தவிர வேறு விவரம் கிடையாது.

உதியன்குளங்கரையில் பட்டறை. அப்பா முதலில் மாட்டுவண்டிகளுக்கு மரத்தில் தடைக்கட்டை செய்துகொண்டிருந்தார். ரோட்டில் பஸ் ஓடத் தொடங்கியதும் அவருக்குப் புதுப் பைத்தியம் பிடித்தது. பஸ்காரர்கள் சீமையிலிருந்து வரும் பிரேக் பட்டைக்காகக் காத்துக் கிடந்தார்கள். அதை இங்கேயே செய்தால் என்ன? கித்தானை மடித்து, பித்தளைக் கம்பியால் தைத்து, அம்பூரியிலிருந்து வந்த ரப்பர் பாலில் ஊறவைத்து, அழுத்திக் காயவைத்தார். வீடு முழுக்க ஒரே நாற்றம். அம்மையின் கழுத்துச் சங்கிலியும் அதில்தான் போயிற்று.

நெய்யாற்றின்கரையில் ஒரு பஸ் முதலாளி இருந்தார், மிஷன் சபைக்காரர். அப்பா செய்த பட்டையைத் தன் பஸ் ஒன்றில் மாட்டச் சம்மதித்தார். ஆனால் அதை நம்பி யார் ஏறுவது? ரோடு எங்கள் ஊர் இறக்கத்தில் செங்குத்தாக இறங்கி, அடியில் குளத்தை ஒட்டி வளையும். பிரேக் பிடிக்காத பஸ் ஒன்று போன மழைக்காலத்தில்தான் நேரே குளத்துக்குள் போயிருந்தது.

"பிடிக்கும்னு நீரு சொல்லுதீரு. அப்போ உம்ம குடும்பத்தை ஏத்தி ஓட்டிக் காட்டும்" என்றார் முதலாளி. "பிடிச்சா நம்ம எல்லா வண்டிக்கும் உம்ம பட்டைதான்."

அன்று ஒரு நாள் மட்டும் நாங்கள் அப்பாவின் குடும்பமானோம்.

எனக்குப் பட்டுப் பாவாடை, தலை நிறையப் பிச்சிப்பூ. இறக்கத்தின் உச்சியில் பஸ் நின்றது. அத்தான் ஆசையாகப் படியில் கால் வைத்தான். அத்தை ஓடிவந்து அவனைப் பிடித்து இழுத்தாள்.

"எலே மக்கா, எறங்குலே! குடும்பத்துக்கு உள்ள ஒரே ஆண்தரியாக்கும் நீ!"

அம்மை அப்பாவைப் பார்த்தாள். "பட்டை பிடிக்குமா?"

"பிடிக்கும். நான் செய்ததாக்கும்."

"அப்போ உங்க மருமகனும் ஏறட்டுமே."

அப்பா கீழே நின்று சக்கரத்தைப் பார்க்க வேண்டும் என்று அத்தையையும் அத்தானையும் கூட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். ஆமாம், சக்கரத்தைப் பார்க்க!

பஸ் இறங்கியது. நான் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து கூவிக்கொண்டே வந்தேன். அம்மை என் தோளை எலும்பு நோகப் பிடித்திருந்தாள். குளத்து வளைவுக்கு முன்னால் பஸ் கீச்சிட்டுக்கொண்டு நின்றது. ரப்பர் கருகிய மணம். அப்பா ஓடிவந்தார். எங்களிடம் இல்லை, நேரே சக்கரத்திடம். தொட்டுப் பார்த்துவிட்டு அத்தானைக் கட்டிக்கொண்டார். "பிடிச்சுப்போட்டுலே!"

குளக்கரையில் நின்ற முதலாளி தலையை ஆட்டினார். "கொள்ளாம். ஆனா பட்டை ஆறியிருக்கும்போ பிடிச்சது பெரிசில்ல. சூட்டோட பிடிக்குதான்னு பாக்கணும். உடனே இன்னும் ஒருக்கா எறங்கட்டும்."

அப்பாவின் முகம் வெளுத்தது. பட்டை சூடானால் என்ன ஆகும் என்று அவருக்கே தெரியாது.

"நான் மட்டும் ஏறுதேன். பிள்ளை இங்க நிக்கட்டும்" என்றாள் அம்மை.

"முதலாளி ரெண்டு பேரையுந்தானே கேட்டாரு" என்று தரையைப் பார்த்தபடி சொன்னார் அப்பா.

அம்மை என் கையை விடவே இல்லை. இன்னொரு தடவை பஸ்ஸில் போக விடாமல் கெடுக்கிறாளே என்று எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. கையை உதறிவிட்டு ஓடிப்போய் ஏறி, பழைய இடத்தில் உட்கார்ந்துகொண்டேன். பின்னாலேயே அம்மையும் வந்து ஏறினாள். பஸ் உச்சிக்குத் திரும்பியபோது, அத்தையின் பிடியில் நின்ற அத்தானைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. அவனை மட்டும் யாருமே ஏறச் சொல்லவில்லையே.