ஆறாவது இடைவெளியில் சாந்துப் பொட்டு

தம்பி, உன் நெஞ்சில் நான் வைத்த சாந்துப் பொட்டுதான் உன்னைக் கொண்டுபோனதாம். நேற்று உன் பதினாறாம் நாள் காரியத்தில், பந்தியில் உட்கார்ந்துகொண்டு அத்தை சொன்னாள்.

"உசுரோட இருக்கற பையனுக்கு நெஞ்சுல பொட்டு வெப்பாளா ஒருத்தி? வெட்டப்போற ஆட்டுக்குத்தான் வெப்பாங்க."

இலையிலிருந்து நிமிராமலே எல்லோரும் தலையாட்டினார்கள். அதனால்தான் எழுதுகிறேன். நான் ஏழாவதோடு நின்றவள். தப்பு இருந்தால் இருக்கட்டும்.

மைசூர் மாநிலம் கர்நாடகம் ஆன புதிது. அப்பாவுக்கு ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. நான் ஒரு நர்சிங் ஹோமில் கத்தி, கத்தரிக்கோல்களைக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தேன். உடம்பில் எது எங்கே என்று தெரிந்தால் ஆபரேஷன் மேஜை பக்கத்தில் நின்று உதவி செய்யலாம், ஒரு பரீட்சை வைப்பேன் என்றார் டாக்டர். பெரிய நர்ஸ் மத்தியானத்தில் வாயால் பாடம் சொன்னார். புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. ஆகவே சாயங்காலம் உன் சட்டையைக் கழற்றிப் பாயில் படுக்கச் சொல்வேன்.

நீ ஒல்லி. எலும்பெல்லாம் கைக்குத் தட்டும். நடு நெஞ்செலும்பில் கழுத்துக்குக் கொஞ்சம் கீழே ஒரு மேடு. அதை ஒட்டியிருப்பது இரண்டாவது விலா. அங்கிருந்து எண்ணவேண்டும். வலது விலாவுக்கு அடியில் ஈரல். ஒவ்வொன்றுக்கும் அம்மாவின் சாந்துக் குப்பியிலிருந்து ஒரு பொட்டு.

"நான் என்ன மேப்பாக்கா? சீக்கிரம் டெல்லி எங்கேன்னு பாத்துட்டு விடு, கூச்சமா இருக்கு."

"சும்மா படுடா. நீ சிரிச்சா ஈரல் நகருது."

இதயத்தின் நுனி ஐந்தாவது விலாவுக்குக் கீழே, இடது மார்க்காம்புக்குச் சற்று உள்ளே துடிக்கும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். உனக்கு அங்கே துடிக்கவில்லை. ஒரு விலா கீழே, ஆறாவது இடைவெளியில், அக்குள் பக்கமாக, விரலைத் தூக்கிப் போடுகிற மாதிரி அடித்தது. எனக்குத்தான் பாடம் சரியாகக் காதில் விழவில்லை என்று நினைத்தேன். விரல் பொய் சொல்லுமா? அங்கேயே பொட்டு வைத்தேன். மூன்று மாதம் வைத்தேன்.

பரீட்சையில் ஒரு நோயாளியைப் படுக்கவைத்து, இதய நுனியைக் காட்டச் சொன்னார் டாக்டர். நேராக அக்குள் பக்கம் விரலை வைத்தேன். ஒன்றும் துடிக்கவில்லை. கூடப் பரீட்சைக்கு வந்த பெண்கள் சிரித்தார்கள்.

"யாரம்மா ஹேளிகொட்டித்து?" யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார்.

"என் தம்பிக்கு இங்கதான் சார் துடிக்குது."

டாக்டர் சிரிக்கவில்லை. உனக்கு என்ன வயது, படி ஏறினால் மூச்சு வாங்குமா, சின்ன வயதில் காய்ச்சலோடு மூட்டு வீங்கியதா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். நாளைக்கே கூட்டிவா என்றார். உன் இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை. வெளியே தள்ளிய ரத்தம் திரும்பி வர, அதையும் சேர்த்துத் தள்ளித் தள்ளி இதயம் பெருத்து, நுனி ஒதுங்கிவிட்டது. மாத்திரையில் எட்டு மாதம் இருந்தாய்.

நேற்று பந்தியில் நான் சும்மா இருக்கவில்லை.

"ஆமா அத்தே, நாந்தான் வெச்சேன். அந்தப் பொட்டு இல்லேன்னா அவனுக்கு என்னன்னே தெரியாமப் போயிருக்கும். சாமுண்டி மலைப் படியில பாதியில உக்காந்தப்ப சோம்பேறின்னீங்களே, அன்னிக்கு யாராச்சும் நெஞ்சுல கை வெச்சுப் பாத்தீங்களா?"

"வாயப் பாரு! டாக்டரம்மா ஆயிட்டா இல்ல! இனி அந்த ரத்த வேலைக்குப் போனேன்னா உன்னை எவன் கட்டுவான்?"

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். அதுதான் அதிகம் வலித்தது. மலைப்படியில் அன்று நானும் சிரித்தவள். மூன்று மாதம் உன் நோயின் மேலேயே விரலை வைத்திருந்தும் தெரியாதவள். இதை அத்தையிடம் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன். ஆனால் இதற்காக வேலையை விடமாட்டேன்.

இன்று காலை போனேன். மறுபடி பரீட்சை வையுங்கள் சார் என்று நானே கேட்டேன். மேஜையில் ஒரு கிழவர். மேட்டைத் தொட்டேன். இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. விரல் அக்குள் பக்கம் போகத்தான் பார்த்தது. இழுத்து உள்ளே வைத்தேன். துடித்தது. இப்படித்தானேடா உனக்கும் துடித்திருக்கவேண்டும்.

"க்ளவுஸ் ஹாக்கோ," என்றார் டாக்டர். கையுறையை மாட்டிக்கொண்டு மேஜை பக்கத்தில் நின்றேன்.

இதைப் படிக்கிறவர்களே, ஐயோ பாவம் என்று யாரும் சொல்லவேண்டாம். அவன் கும்பிட்டுவந்த அந்த மலைத்தாயோ, உங்கள் வீட்டுச் சாமியோ, யாரிடமானாலும் சரி. ஒரு நிமிடம் உங்கள் நெஞ்சில் கை வைத்து, என் தம்பிக்காக எல்லோரும் வேண்டிக்கொள்ளுங்கள்.