கோயில் அடுப்பில் எரிந்த பாக்காவ் கட்டைகள்

மண்ணைப் போட்டு மூடிவிட்டால் நல்ல வேலையும் கெட்ட வேலையும் ஒன்று போலத்தான் தெரியும். மூடுவதற்கு முன் போய்ப் பார்ப்பதுதான் சிவானந்தத்தின் உத்தியோகம். குடிநீர்க் குழாய் பதிக்கும் வேலைகளுக்கு அவர் இன்ஸ்பெக்டர். ஜெராமிலிருந்து சுங்கை பஞ்சாங் வரைக்கும் உள்ள கடலோர ஊர்களை அவர் ஒருவரே பார்க்க வேண்டும். இளவயதில் குழாய்க்குப் பள்ளம் தோண்டும் கூலியாக இருந்து, மாலை வகுப்பில் படித்து இந்த வேலைக்கு வந்தவர். வேலை நடக்கும் இடத்தில் யார் தேநீர் வாங்கிக் கொடுத்தாலும் குடிக்க மாட்டார். அதனால் தலைக்கனம் பிடித்தவர் என்று பெயர்.

அவர் பிறந்தது ஜெராமுக்கு உட்புறம் இருக்கும் எங்கள் தோட்டத்தில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்தில். அவருடைய அக்கா வேலம்மா இன்னும் இங்கேதான் இருக்கிறார். எங்களுக்குப் பழைய இரும்புக் குழாயில் துரு நிறத்தில் தண்ணீர் வரும். பல நாள் அதுவும் வராது. தண்ணீர் லோரி வந்து நின்றால் வேலம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு வாளியோடு வரிசையில் நிற்பார். புதுக் குழாய் போட உத்தரவானபோது, அதை மேற்பார்க்கும் பொறுப்பு சிவானந்தத்துக்கே வந்தது.

எங்கள் பகுதி கடலோரக் களிமண். வெறும் மண்ணில் குழாயை வைத்தால் நாளடைவில் அமிழ்ந்து, குழாயும் குழாயும் சேரும் மூட்டு விட்டுப்போகும். ஆகையால் முதலில் பாக்காவ் கட்டைகளை நெருக்கமாக அடித்து இறக்கி, அவற்றின்மேல் குழாயைக் கிடத்த வேண்டும். பாக்காவ், கடலோரச் சதுப்பில் வளரும் மரம். ஒரு முனையைக் கூராகச் சீவிய நீளக் கட்டைகளாக வரும். குழாய் பதிக்கும் வேலையைக் குத்தகைக்கு எடுத்த நாராயணசாமி அவற்றை லோரியில் கொண்டுவந்து இறக்கினார். சிவானந்தம் நின்று பார்த்தவரைக்கும் ஒழுங்காகத்தான் அடித்தார்கள். அவர் சுங்கை பஞ்சாங்கில் வேறு வேலையைப் பார்க்கப் போயிருந்த நாட்களில், தோட்டத்துக் கோயிலிலிருந்து பெரிய வாய்க்கால் வரை குழாயைப் பதித்து மூடிவிட்டார்கள். கட்டை அடித்ததற்குப் படம் காட்டினார்கள். சிவானந்தம் கையெழுத்துப் போடாமல் வைத்திருந்தார்.

2023 ஆகஸ்ட் 6, ஞாயிற்றுக்கிழமை, மாரியம்மன் கோயிலில் ஆடித் திருவிழா. அன்னதானப் பந்தியில் சிவானந்தமும் நானும் பக்கத்துப் பக்கத்து இலையில் சாப்பிட்டோம். கை கழுவ இருவரும் சமையல் கொட்டகைக்குப் பின்னால் போனோம். அடுப்புக்கு அருகே விறகு குவிந்திருந்தது. அவர் குனிந்து ஒரு துண்டை எடுத்தார். கூராகச் சீவிய முனை. அரிவாள் வெட்டு பளிச்சென்று இருந்தது. சேறு ஒரு துளிகூட இல்லை. குவியலைக் காலால் தள்ளினார். இன்னும் பல முனைகள் உருண்டு வந்தன.

கோயில் தலைவர் செல்லையா வாளியோடு வந்தார். “என்னா சார், சாப்பாட்டக் கொறவா வச்சிட்டாங்களா? வெறகத் திங்கப் போறீங்க?”

“இத யாருங்க குடுத்தா?”

“நம்ம நாராயணசாமி பாஸ்தான். ஒரு லோரி எறக்குனாரு. நல்ல மனசு லா அவருக்கு.”

“இது கொழாய்க்கு அடியில இருக்க வேண்டிய கட்ட. ஒவ்வொரு முனையும் மண்ணுக்குள்ள எறங்காத ஒரு கட்ட.”

செல்லையா கொஞ்சமும் அதிரவில்லை. “தெரியும் சார். மிச்சம் ஆயிருச்சின்னாரு. பூமிக்குள்ள கெடக்குற கொழா எங்க ஓடிப்போவப் போவுது? சாமி காரியத்துக்குத்தானே வந்துச்சி.” அடுப்படியில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

தெரிந்தே வாங்கியிருக்கிறார்கள். தங்கள் வீட்டுத் தண்ணீரைத் தாங்க வேண்டிய மரத்தை எரித்துச் சோறு வடித்து, அதற்குத் தீபாராதனையும் காட்டியிருக்கிறார்கள். 

மறுநாள் சிவானந்தம் மூன்று இடங்களில் தோண்டச் சொன்னார். மூன்றிலும் குழாய்க்கு அடியில் களிமண்தான். நாராயணசாமி புதுச் சட்டையில் சேறு படாமல் தள்ளி நின்றார்.

“அண்ணே, அடுத்த வாரம் தண்ணி தொறந்துரலாம். சொந்தத் தோட்டத்து ஜனத்தக் காய விடாதீங்க.”

“எல்லாத்தயும் எடு. கட்டைய அடி. அப்புறம் பேசு.”

அன்று மாலை வேலம்மா வீட்டு வாசலில் கூட்டம். தம்பிக்குக் காப்பிகூடக் கொடுக்காமல் அவர் பிடித்துக்கொண்டார். “ஒங் கையெழுத்து ஒண்ணுதான்டா பாக்கியாம். ஊரே என்னைய ஏசுது. போட்டுத் தொலையேன்!”

“மூட்டு விட்டுப்போனா யாருக்கா வாளி தூக்குவா?”

“அத அப்பப் பாத்துக்கலாம்!”

கூட்டம் அதற்கு ஆமாம் போட்டது. நேற்றுவரை நாறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டு அரசாங்கத்தைத் திட்டியவர்கள், அன்று முதல் சிவானந்தத்தைத் திட்டினார்கள். அவருடைய காரின் கண்ணாடியில் யாரோ எச்சிலைத் துப்பி வைத்திருந்தார்கள். அவர் துணியை நனைத்துத் துடைத்துவிட்டு வேலைக்குப் போனார். நாராயணசாமி சிவானந்தத்தின் மேலதிகாரிகளிடமும் நடையாய் நடந்து பார்த்தார். தோண்டிய குழிகளின் படங்கள் அங்கே முன்னாலேயே போயிருந்தன. வேறு வழியில்லாமல் வாய்க்கால் வரை குழாயைப் பிடுங்கி, புதுக் கட்டை அடித்து, திரும்பப் பதித்தார். இந்தத் தடவை ஒவ்வொரு கட்டையும் இறங்கும்வரை சிவானந்தம் இடத்தை விட்டு நகரவில்லை.

தைப்பூசம் கழிந்துதான் தண்ணீர் வந்தது. கோயில் மண்டபத்தில் விழா வைத்தார்கள். செல்லையா நாராயணசாமிக்குப் பொன்னாடை போர்த்தி ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

“எத்தனையோ தடங்கல் வந்துச்சி. சில தடங்கல் காரு போட்டுக்கிட்டு வந்துச்சி. எல்லாத்தயும் தாண்டி நம்ம பாஸ் தண்ணி குடுத்துட்டாரு!”

ஒரே கைதட்டல். வேலம்மாவும் தட்டினார். எனக்கு அங்கே உட்காரக் கூசியது. எழுந்து வெளியே போனேன். மண்டபத்தின் ஓரத்தில் சிவானந்தம் புதுக் குழாயைத் திறந்துவிட்டு, முதலில் பாய்ந்து வரும் மண் கலங்கல் தண்ணீரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒலிபெருக்கியில் செல்லையாவின் குரல் கேட்டது. “யாரு லா அங்க? தண்ணிய வீணாக்காதீங்க!”

சிவானந்தம் தலையைத் தூக்கவில்லை. தண்ணீர் தெளியும்வரை குழாயைத் திறந்தே விட்டிருந்தார்.