காய்ந்துபோன மருந்து

குத்புதீன் மில்பிடாஸில் ஒரு செமிகண்டக்டர் கம்பெனியில் வேலை பார்த்தார். ஈரத்தைக் கிட்டே அண்டவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் அந்த வேலை. சிப்புக்குள் காற்றின் ஈரம் கொஞ்சம் ஏறிவிட்டாலும், போர்டில் பற்றவைக்கும் சூட்டில் அது சோளப்பொரி மாதிரி வெடித்துவிடும். அதனால் சிப்புகளை உலர்ந்த அலமாரியில் வைப்பார்கள், சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டுப் பையில் அடைப்பார்கள். சந்தேகம் வந்தால் மின் அடுப்பில் வைத்து வாட்டுவார்கள். வருடக்கணக்காக இதைச் செய்துவந்ததில், ஈரம் என்றாலே கெடுதல் என்று அவருக்குள் படிந்துபோயிருந்தது.

வீடு ஃப்ரீமான்டில், மௌரி அவென்யூவிலிருந்து இரண்டு தெரு உள்ளே. மனைவி கமருன்னிசா குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு டேகேரில் பகுதிநேர வேலையில் இருந்தார். இருவருக்கும் ஊர் கூத்தாநல்லூர். ஒரே மகள் பஸீலா டேவிஸில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். 2006ஆம் வருடம் வசந்த காலத்தில் கமருன்னிசாவுக்குச் சினைப்பையில் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. அறுவை சிகிச்சை முடிந்து கீமோ ஆரம்பித்ததும் வாந்தி பிடித்துக்கொண்டது. தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. எழுதிக்கொடுத்த மாத்திரைகளில் ஒன்றும் கேட்கவில்லை.

அப்போதுதான் டாக்டரம்மா கஞ்சாவைப் பற்றிப் பேசினார். கலிஃபோர்னியாவில் டாக்டர் பரிந்துரைத்தால் நோயாளிகள் வாங்கலாம், வீட்டில் சில செடிகள் வளர்க்கவும் செய்யலாம் என்றார். இருவரும் காரில் வீடு திரும்பினார்கள். கராஜுக்குள் வண்டி நின்ற பிறகு கமருன்னிசா, “எங்க அத்தாவுக்குத் தெரிஞ்சா மௌத்தாயிருவாங்க மச்சான்” என்றார். தகப்பனார் செத்தே போவார் என்று தான் சொன்னதை நினைத்துப் பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது.

இஸ்லாமிய மார்க்கம் தெரிந்த ஒருவரிடம் குத்புதீன் தன் பெயரைச் சொல்லாமல் இதைப் போனில் கேட்டார். வேறு வழியில்லாதபோது மருந்தாக எடுத்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு ஒருமுறை ஓக்லாண்டில் ஒரு மருந்தகத்துக்குப் போய்க் கொஞ்சம் வாங்கிவந்தார்கள். பின்பக்கத் தோட்டத்தில் தலையில் துப்பட்டாவோடு நாற்காலியில் உட்கார்ந்து, சின்னக் கண்ணாடிக் குழாயில் இரண்டு இழுப்பு இழுத்தார் கமருன்னிசா. அரைமணி நேரம் கழித்து ஒரு தோசை சாப்பிட்டார். அது வயிற்றிலேயே நின்றது.

ஆனால் ஓக்லாண்டுக்கு மறுபடி போக குத்புதீனுக்கு மனம் வரவில்லை. முந்தைய வருடம்தான் சிட்டிசன்ஷிப் கிடைத்திருந்தது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு ஏர்போர்ட்டில் அவரை ஓரமாகக் கூப்பிடாத பயணம் கிடையாது. மாநிலச் சட்டம் அனுமதித்தாலும் மத்திய அரசின் சட்டம் அனுமதிக்கவில்லை. எந்தக் கேமராவில் தன் முகம் விழுமோ என்று பயந்தார். எனவே தக்காளிப் பாத்திக்கும் வேலிக்கும் நடுவில் நாலு செடி வைத்தார். கமருன்னிசா அதைக் கீரை என்றே சொல்வார். “கீரைக்குத் தண்ணி ஊத்தியாச்சா மச்சான்?”

ஓக்லாண்டில் வாங்கியதைச் சிக்கனமாக வைத்துக் கோடையை ஓட்டினார்கள்; செடிகளும் நன்றாக வந்தன. அக்டோபரில் பூக்களை வெட்டி கராஜில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டார். காய்ந்த பூக்களைக் கண்ணாடி ஜாடிகளில் போட்டு மூடி, தினமும் கொஞ்ச நேரம் திறந்து வைத்துப் பதப்படுத்த வேண்டும் என்று இன்டர்நெட்டில் படித்திருந்தார். அதே இடத்தில் பூஞ்சை பிடிக்கும் என்றும் எழுதியிருந்தது. கீமோவில் எதிர்ப்புசக்தி போன உடம்புக்குப் பூஞ்சை ஆகாது. அந்த ஒரு வரி அவரைப் பிடித்துக்கொண்டது. ஜாடிக்கு இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, ஈரம் காட்டும் சின்ன மீட்டரையும் உள்ளே வைத்து மூடினார். மீட்டர் இறங்க இறங்க அவருக்கு நிம்மதியாக இருந்தது. மீட்டரில் ஈரம் ஐம்பது சதவீதத்துக்கு மேல் நின்றால்தான் பூ பதமாகும் என்பது அவருக்குத் தெரியாது. அவர் அதை ஒரு சிப்பைக் காயவைப்பது போலக் காயவைத்துவிட்டார். தொட்டால் பூ பொடியாக உதிர்ந்தது.

அந்தப் பூவை எடுத்துக்கொடுத்த முதல் நாளே கமருன்னிசா ஒரே இழுப்பில் குழாயைக் கீழே வைத்துவிட்டு இருமினார். கீமோவில் அவருக்கு வாயெல்லாம் புண்.

“தொண்டை எரியுது மச்சான். ஓக்லாண்ட்ல வாங்கினது இப்படி இல்ல.”

“பழகணும் கமரு. இது பர்ஃபெக்ட்டா டிரை ஆயிருக்கு. இங்க பாரு மீட்டர.”

“மீட்டர் சரிதான். எனக்கு எரியுதே.”

“வாய்ப்புண்ணாலதான் எரியும். ஃபங்கஸ் வந்தா ரிஸ்க். நான் தினமும் செக் பண்றேன், நீ கவலப்படாதே.”

அடுத்த வாரமும் அவர் ஒருமுறை சொன்னார். குத்புதீன் மறுபடியும் மீட்டரைக் காட்டினார். பிறகு கமருன்னிசா சொல்லவில்லை. பிடிக்கவில்லை, வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டுக் குழாயை டிராயருக்குள் வைத்துவிட்டார். மார்க்கக் கூச்சம் திரும்பிவிட்டது போல என்று குத்புதீன் நினைத்துக்கொண்டார். நவம்பரும் டிசம்பரும் அப்படியே போயின. கமருன்னிசா கஞ்சித் தண்ணீரையும் ஐஸ் துண்டுகளையும் வைத்து நாளை ஓட்டினார். விடுமுறைக்கு வந்த பஸீலா தாயின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கீமோ ஏற்றும் இடத்தில் கமருன்னிசாவுக்கு ஒரு சிநேகிதி கிடைத்திருந்தார். பெயர் ராஜராணி. யாழ்ப்பாணத்தவர், சான் ரமோனில் அக்கவுண்டன்ட். அவருக்கும் கீமோதான், அவரும் டாக்டரின் பரிந்துரையோடு இதே மருந்தை எடுத்துக்கொண்டிருந்தார். ஜனவரியில் ஒருநாள் கமருன்னிசா தூங்கிவிட்டபோது, அடுத்த நாற்காலியிலிருந்து ராஜராணி மெல்லக் கேட்டார்.

“அண்ணை, கமர் அந்த மருந்தை ஏன் விட்டவ எண்டு உங்களுக்குத் தெரியுமோ?”

“பிடிக்கலன்னு சொன்னாங்க.”

“பிடிக்காமல் இல்லை. தொண்டை எரியுதாம். உங்களிட்டச் சொன்னவவாம். நீங்கள் மீட்டரைக் காட்டினனீங்களாம்.”

 ராஜராணி பூ எப்படி இருக்கிறது, நசுக்கினால் என்ன ஆகிறது என்றெல்லாம் விசாரித்தார். பொடியாகிறது என்றதும், “அது காஞ்சு போச்சுது அண்ணை. ஆருக்கும் எரியும்தானே. கொஞ்சம் ஈரத்தைத் திருப்பிக் குடுங்கோ” என்றார்.

அன்றைக்கே குத்புதீன் எல்லா ஜாடியிலிருந்தும் சிலிக்கா ஜெல்லை எடுத்துப் போட்டார். இன்டர்நெட்டில் யாரோ ஆரஞ்சுத் தோல் போடச் சொல்லியிருந்தார்கள். அவசரத்தில் ஒரு ஜாடியில் பெரிய தோலாகப் போட்டு மூடிவிட்டார். சில நாளில் தோலைச் சுற்றியிருந்த பூக்களில் வெள்ளையாக நூல் படர்ந்திருந்தது. அவர் பயந்த பூஞ்சை அவர் கையாலேயே வந்துவிட்டது. அந்த ஜாடியை முழுதாகக் குப்பையில் கொட்டினார்.

போனில் ராஜராணி, அவசரமே கூடாது என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். “கெதியாச் செய்யக் கூடாது. உடைஞ்ச மண் பூச்சட்டித் துண்டு இருந்தால் நல்லாக் கழுவித் தண்ணியில ஊறவையுங்கோ. பிறகு ஈரம் கையில ஒட்டாத அளவுக்குத் துடைச்சிட்டுப் போடுங்கோ. பூவில முட்டக் கூடாது. நாளுக்கு ஒருக்கா திறந்து பாருங்கோ.”

குத்புதீன் அப்படியே செய்தார். கேக் செய்யும்போது விரிக்கும் பேப்பரைக் கிண்ணம் போல மடித்து, அதில் ஓட்டுத் துண்டை வைத்துப் பூக்களுக்கு மேலே இறக்கினார். காலையில் வேலைக்குப் போகுமுன் ஒவ்வொரு ஜாடியாகத் திறந்து முகர்ந்தார், ஒரு பூவை விரலால் அழுத்திப் பார்த்தார். முதலில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. பிறகு ஓரங்கள் உதிர்வது நின்றது. இன்னும் சில நாளில், அழுத்தினால் பூ அமுங்கி மெல்லத் திரும்ப எழுந்தது. உடனே ஓடுகளை எடுத்துவிட்டார். வெட்டிய நாளில் கராஜையே நிறைத்த வாசனை மட்டும் திரும்பவில்லை. கொஞ்சம் வைக்கோல் வாடை அடித்தது. காய்ந்தபோது போனது போனதுதான் என்றார் ராஜராணி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கமருன்னிசாவைத் தோட்டத்து நாற்காலியில் உட்காரவைத்து, குழாயைக் கையில் கொடுத்தார்.

“ஒரே ஒரு தடவ கமரு. எரிஞ்சா வச்சிரு. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்.”

அவர் மெதுவாக இழுத்தார். இருமல் வருமென்று குத்புதீன் தண்ணீர் டம்ளரோடு நின்றார். வரவில்லை. அரைமணி நேரம் கழித்துக் கமருன்னிசா, “மீன் ஆணம் வைக்கிறீங்களா மச்சான்? புளி கம்மியா” என்றார்.

மீன் குழம்பு வைத்தார். கமருன்னிசா ஒரு சின்னக் கிண்ணம் சோறு பிசைந்து சாப்பிட்டார். குத்புதீன் தட்டில் கைவைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீ சொன்னப்பவே நான் கேட்டிருக்கணும்” என்றார்.

“ஆமா. கேட்டிருக்கணும்.” அவர் குரலில் கோபம் இல்லை, அதை லேசாக்கிச் சொல்லவும் இல்லை. “ரெண்டு தடவ சொன்னேன். அப்புறம் சொல்லத் தெம்பு இல்ல.”

அதற்குப் பிறகு சில வாரங்கள் அந்த வீட்டில் சமையல் வாசனை இருந்தது. பஸீலா சனிக்கிழமைதோறும் டிரைவ் பண்ணி வந்தாள். “அம்மா, யூ ஆர் ஈட்டிங்” என்று சொல்லிச் சொல்லி ஊட்டினாள். மார்ச்சில் ஸ்கேன் பார்த்துவிட்டு டாக்டரம்மா கீமோவை நிறுத்திவிடலாம் என்றார். கட்டி வேறு இடங்களுக்குப் பரவியிருந்தது. மே மாதம் கமருன்னிசா வீட்டிலேயே, மகள் குர்ஆனிலிருந்து யாசீன் ஓதிக்கொண்டிருக்கும்போது மௌத்தானார்.

சாப்பாட்டுக்கும் நோய் பரவியதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டரம்மா குத்புதீனிடம் தெளிவாகவே சொன்னார். அவரும் நம்பினார். அவர் மனதை அறுத்தது அதுவல்ல. அந்த நவம்பரும் டிசம்பரும்தான். கமருன்னிசா பசியோடு உட்கார்ந்திருந்த அந்தக் குளிர்கால மாதங்களில், தினமும் காலையில் கராஜுக்குள் போய், மீட்டரைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுத் திரும்பியிருக்கிறார்.

கோடைக்காலத்தில் மிச்சமிருந்த ஜாடிகளை எடுத்துக்கொண்டு சான் ரமோனுக்குப் போனார். ராஜராணிக்குத் தலையில் முடி கறுப்பாக முளைக்கத் தொடங்கியிருந்தது. வாசலிலேயே ஒரு ஜாடியைத் திறந்து, ஒரு பூவை எடுத்து அழுத்திப் பார்த்தார்.

“நல்ல பதமாத்தான் வைச்சிருக்கிறியள் அண்ணை.”

குத்புதீனால் அந்தப் பாராட்டை வாங்கிக்கொள்ள முடியவில்லை. “எரியுதுன்னு அவங்க எங்கிட்டதானே முதல்ல சொன்னாங்க” என்றார். 

ராஜராணி ஜாடியை மூடினார். “ஓம் அண்ணை” என்றார். பிறகு கதவை அகலத் திறந்துவிட்டு, “உள்ள வாங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்” என்று முன்னால் நடந்தார்.