நேர்காணலுக்குப் புறப்பட்டு சிங்கப்பூர் போனேன்

பதினோரு வருடமாக மலேசியாவின் ஜொகூர் பாருவில், பெர்மாஸ் ஜெயாவில் தூங்கி, பாலம் தாண்டி சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். விடியுமுன் மோட்டார் சைக்கிளை எடுத்தால், திரும்பும்போது ஏழு வயது மகள் தூங்கியிருப்பாள். ஒரு பெரிய தொழில்நுட்ப நிறுவனம் ஜொகூர் பாருவிலேயே டேட்டா சயின்டிஸ்ட் தேடுகிறது என்று தெரிந்ததும் உடனே விண்ணப்பித்தேன். வேலை கிடைத்தால் வாரநாளிலும் இரவுச் சாப்பாடு அவளோடு. வேறு பெரிய லட்சியம் எதுவும் எனக்கு இல்லை.

விண்ணப்பத்தில் நான் பீற்றிக்கொண்டது ஒன்றைத்தான். சிங்கப்பூர் பாலத்தில் எந்த நேரத்தில் எவ்வளவு நெரிசல் இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லும் ஒரு நிரல், நானே எழுதியது.

நேர்காணல் காலை பத்து மணிக்கு. விடுப்பு எடுத்து, டை கட்டி, ஹெல்மெட்டுக்குள் பதில்களை ஒப்பித்தபடி எட்டு மணிக்கே கிளம்பினேன். இன்று வேலைக்குப் போகவில்லை என்று கைகளுக்கு யாரும் சொல்லவில்லை போலும். ஒப்பித்து முடித்து நிமிர்ந்தால், முன்னும் பின்னும் மோட்டார்கள். சிங்கப்பூர் போகும் குடிநுழைவுச் சாவடி வரிசையில் நின்றுகொண்டிருந்தேன்.

பக்கத்து மோட்டார்க்காரரிடம் கேட்டேன். "அண்ணே, இங்க எங்கயாச்சும் திரும்பலாமா?"

"திரும்புறதா? அலமாக்! போயிட்டுதான் வரணும் லா."

கடப்பிதழ் எப்போதும்போல் சீட்டுக்கடியில் இருந்தது. போய்விட்டு வந்தேன். அந்த நேரத்தில் நெரிசல் கடுமையாக இருக்கும் என்று என் நிரல் சொல்லியிருந்தது. அது சரியாகத்தான் சொல்லியிருந்தது.

நாற்பது நிமிடம் தாமதமாக, வியர்வையில் நனைந்து போய் உட்கார்ந்தேன். எதிரே இருவர். விண்ணப்பத்தைப் புரட்டிய அம்மையார் ஆங்கிலத்தை விட்டுத் தமிழுக்கு மாறினார்.

"பாலத்து நெரிசல கணிக்கிற ஆளு நீங்கதானே? எங்க மாட்டிக்கிட்டீங்க?"

"பாலத்துலதாங்க."

மற்றவர் சிரிப்பை மறைக்கத் தண்ணீர் குடித்தார். அதற்குப் பிறகு கேட்டதற்கெல்லாம் எதையோ உளறினேன். மனப்பாடம் செய்ததெல்லாம் ஹெல்மெட்டைக் கழற்றும்போதே போய்விட்டது.

மதியம் பள்ளி முடிந்து வந்த மகள், வீட்டில் என்னைக் கண்டதும் ஓடிவந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"அப்பா, காய்ச்சலா?"

பள்ளி நாளில் நான் வீட்டில் இருந்தால் காய்ச்சல்தான் என்பது அவள் அனுபவம். நடந்ததைச் சொல்ல வெட்கமாக இருந்தது. "கொஞ்சம்" என்றேன். அன்று முழுக்க எனக்கு ராஜ உபசாரம். இரவு இருவரும் சேர்ந்து கஞ்சி குடித்தோம். எனக்கு அவளே ஊதி ஊதிக் கொடுத்தாள். கூச்சமே இல்லாமல் இரண்டு கிண்ணம் குடித்தேன்.

வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டதாக ஒரு வாரம் கழித்து மின்னஞ்சல் வந்தது. அதையும் பாலத்து வரிசையில் நின்றுதான் படித்தேன். பின்னால் ஹாரன் அடித்தார்கள், நகர்ந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரவு மகள் என் நெற்றியை மறுபடி தொட்டுப் பார்த்தாள். சூடு இல்லை என்றதும் அவள் முகம் சுருங்கியது.

"அப்பா, அடுத்து எப்ப காய்ச்சல் வரும்?"