மதிலுக்கு வெளியே நின்ற கோஹன்

நீஸ்தர் ஆற்றங்கரைச் சிற்றூரில் பழைய யூதக் கல்லறைத் தோட்டத்தின் சாவி பிரோனியாவின் சமையலறை ஆணியில் தொங்கியது. ஊரில் மிஞ்சிய யூதர்களில் அவளுக்குத்தான் முட்டி இன்னும் மடங்கியது. அதனால் சாவி அவளிடம் வந்தது. ஆஸ்பத்திரியில் படுத்த படுக்கையானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். பூர்வீகம் தேடி வருகிறவர்களையும் நோயாளிகளாகவே நடத்தினாள். நாடி பார்ப்பாள். “முதல்ல பாத்ரூம், அப்புறம் பூர்வீகம்” என்பாள். முன்னோர் கல்லறையைக் கண்டதும் அவர்கள் மயங்கி விழுவது துக்கத்தால் அல்ல, வெறும் வயிற்றால் என்பது அவள் கட்சி.

அன்று வந்தவன் ஹெர்னான். புவெனஸ் அயர்ஸில் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன். ஐம்பதை நெருங்கும்போது திடீரென்று பக்தி முற்றி, தொப்பியும் தாடியுமாக ஆனவன். அவன் சட்டைப்பையில் ஒரு கூழாங்கல் இருந்தது. யூதர்கள் கல்லறைக்குப் பூ வைப்பதில்லை, கல்தான். என் தாத்தாவின் கல்லறையில் உன் கையாலேயே ஒன்று வை என்று அவன் அப்பா சாகும்போது கேட்டிருந்தார்.

மதிலோரம் அந்தக் கல்லறை இருந்தது. பெயர் தெரிந்தது, அதற்கு மேலே ஒரே பாசி. பிரோனியா நோயாளிக்குச் சவரம் செய்வதுபோல் பிரஷ்ஷால் தேய்த்தாள். விரல் விரித்த இரண்டு கைகள் செதுக்கப்பட்டிருந்தன.

ஹெர்னானின் முகம் வெளிறியது. “இது கோஹன் அடையாளம்! அப்பா சொல்லவே இல்லையே!”

“அதனால என்ன தம்பி?”

“பூசாரி வம்சம்மா நான்! இடுகாட்டுத் தீட்டு ஆகாது. உள்ள காலே வைக்கக் கூடாது!”

சொல்லிக்கொண்டே ஓடினான்.

“ஓடாதடா! இடுப்பு எலும்பு போயிரும்!”

வாசலுக்கு வெளியே மூச்சிரைக்க உட்கார்ந்திருந்தான். கல் இன்னும் பையில்தான் இருந்தது.

“குடு, நான் வெச்சிட்டு வர்றேன். எனக்குத் தீட்டும் இல்ல, வேற வேலையும் இல்ல.”

“என் கையால வைக்கிறேன்னு அப்பாகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேம்மா.”

“மனுஷன் வம்சத்தையும் சேர்த்துச் சொல்லித் தொலைச்சிருக்கலாம்.”

அவன் கண்ணைத் துடைத்தான். “கோஹன்களை ஓரமாத்தான் புதைப்பாங்களாம். பிள்ளைங்க வெளிய நின்னு பாக்கட்டும்னு.”

“உன் கொள்ளுத்தாத்தா முன்யோசனைக்காரர்தான். என்ன, மதிலுக்கு அந்தப் பக்கம் ஸ்தெபானோட பன்றித் தொழுவம். அத அவர் எதிர்பார்க்கல.”

“பன்றியா?”

“உன்ன சாப்பிடச் சொல்லல. நிக்கத்தான் சொல்றேன்.”

ஸ்தெபான் தீவனத் தொட்டியைக் கவிழ்த்துப் போட்டான். “பூசாரியவே கூட்டிட்டு வந்துட்டியே பிரோனியாக்கா! என் பன்றிக்கும் ஒரு ஆசீர்வாதம் பண்ணச் சொல்லேன்.”

“தீர்க்காயுசா இருன்னு சொல்லிட்டார்னா உனக்குத்தான் நஷ்டம்.”

ஹெர்னான் தொட்டி மேல் ஏறி எட்டிப் பார்த்தான். கல்லறைக்கு மேலே கையை நீட்டினாலும் தீட்டாம். எறிவதுதான் ஒரே வழி. உள்ளே போய் நின்றுகொண்டாள் பிரோனியா.

முதல் எறி பக்கத்துக் கல்லறையில் போய் விழுந்தது. “அது மோய்ஷே, தையக்காரர். அவர் உனக்கு ஒண்ணும் உறவில்ல” என்று கல்லைத் திருப்பி வீசினாள். அடுத்தது அவள் முழங்காலைப் பதம் பார்த்தது. கல்லறைத் தோட்டத்தில் சொல்லக் கூடாத ஒன்றைச் சொல்லிவிட்டு மறுபடி வீசினாள்.

மூன்றாவது முறை அவன் கையை ஓங்கியபோது, பன்றி பின்னாலிருந்து அவன் முழங்கால்களுக்கு நடுவே மூக்கை நுழைத்தது. கல் பறந்தது. மதிலுக்கு மேல் ஹெர்னானைக் காணோம். சேற்றில் பொத்தென்று ஒரு சத்தம்.

“விழுந்துச்சாம்மா?” என்றது மதில்.

“விழுந்துச்சு. நீயும்தான்.”

“சும்மா சொல்றீங்க! நீங்களே எடுத்து வெச்சிருப்பீங்க!”

“நான் இருந்த இடத்தவிட்டு நகரல. எழுந்து பாரு.”

இரண்டு கைகள் மதிலைப் பற்றின. பிறகு சேறு பூசிய தாடி ஒன்று எழும்பியது. செதுக்கிய கைகளுக்கு மேலே, கல்லின் உச்சியில் கூழாங்கல் உட்கார்ந்திருந்தது. அவன் வெகுநேரம் பார்த்தான். அழுதான். பிரோனியா வேறு பக்கம் திரும்பி, மோய்ஷேயின் பாசியையும் கொஞ்சம் தேய்த்துவிட்டாள்.

இடுகாட்டிலிருந்து வந்தால் கை கழுவ வேண்டும். ஹெர்னானுக்குக் கை மட்டும் போதவில்லை. கிணற்றடியில் நிற்கவைத்து ஸ்தெபான் வாளி வாளியாகத் தலையில் ஊற்றினான். தொப்பி மட்டும் பன்றியிடமிருந்து திரும்பவில்லை.

நடுங்கிக்கொண்டிருந்தவனின் நாடியைப் பிடித்தாள் பிரோனியா.

“காலையில சாப்பிட்டியா?”

“இல்லம்மா.”

“நெனச்சேன்” என்று சொல்லிவிட்டு, மக்காச்சோளக் களி கிண்டப் போனாள்.