மடிக் காற்று

யுத்த காலம். அம்மாவுக்கு நிமோனியா கண்டு, திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். ஸ்ரீரங்கத்தை விட்டு வந்தாளே தவிர ஆசாரத்தை விட்டு வரவில்லை. குழாய்த் தண்ணீரைத் தொடமாட்டாள். பிறர் கை படாமல் மடியாக மொண்டு வந்த காவேரித் தீர்த்தம்தான் வேண்டும். தினம் செம்பும் கையுமாக ஜட்காவில் வந்து இறங்குவேன். ஜட்காவில் ஏறினால் மடி என்ன ஆகும் என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஒரு நாள் காலை அவள் நகமெல்லாம் நீலம் பாரித்துவிட்டது. "உடனே பிராணவாயு கொடுக்கணும். இல்லேன்னா சாயங்காலம் வரைக்கும் தாங்காதுங்க" என்று டாக்டர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். ஆயா ஓர் இரும்பு சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தாள். அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய், அதன் நுனியில் மூக்கையும் வாயையும் மூடும் கிண்ணம். அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"யார் விட்ட மூச்சையோ அதுலே அடைச்சு வெச்சிருக்கா. எனக்கு வேண்டாம்."

அப்போது நான் காலேஜில் பௌதிகம் படித்துக்கொண்டிருந்தேன். படித்ததையெல்லாம் வயிற்றெரிச்சலோடு அவள்மேல் கொட்டினேன்.

"வாயு ஓரிடத்துலே நிக்காதும்மா. திறந்துவிட்டா கிடைச்ச இடத்தையெல்லாம் நிரப்பிடும். இதுவும் வெளியிலே இருக்கற காத்துலேர்ந்து பிரிச்சு எடுத்ததுதான்."

"நிக்காதுன்னா ஏன் ஆகாசத்துக்கு ஓடிப் போகலே? மேலே யார் மூடி போட்டிருக்கா?"

மூச்சு திணறியது, வாதம் மட்டும் ஓயவில்லை. எங்கள் புரொபசர்கூட இவ்வளவு நறுக்கென்று கேட்டதில்லை.

"பூமி இழுத்துப் பிடிச்சுண்டிருக்கு. மேலே போகப் போகக் காத்து கொறைஞ்சு, அப்புறம் கிட்டத்தட்ட ஒண்ணுமே கிடையாது. சந்திரன் சின்னது, அதாலே பிடிச்சு வெச்சுக்க முடியலே. நமக்கு இருக்கறது இந்தக் காத்துதான். கோயில்லே இருக்கறவா விட்டதும் கசாப்புக்கடைக்காரன் விட்டதும் ஒண்ணாக் கலந்து சுத்தறது. பொறந்ததுலேர்ந்து அதைத்தான் நீ இழுக்கறே."

அம்மா என்னை முறைத்தாள். "அப்போ நான் ஒருநாள்கூட மடியா இருந்ததே இல்லையா?"

ஆயா சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பயம்தான் வந்தது. அம்மாவின் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு குரலே எழும்பாமல் கேட்டாள்.

"உங்கப்பா பரமபதிக்கறச்சே விட்டாரே கடைசி மூச்சு, அதுவும் இதுலே கொஞ்சம் இருக்குமோ?"

அப்பா போனபோது அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவள் அவள்தான்.

"இருக்கும்மா. அது எங்கேயும் போயிருக்காது."

கிண்ணத்தை அவளே வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டாள். ஆயா சிலிண்டரின் திருகைத் திறந்தாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாள். சற்றுப் பொறுத்து நகங்களில் நீலம் வெளிற ஆரம்பித்தது. அப்புறம் கிண்ணத்துக்குள்ளிருந்து குரல் வந்தது.

"இன்னும் கொஞ்சம் திறக்கச் சொல்லுடா."