ஹாஸ்கெல் போடாத ஓட்டு

மெரில் ஹாஸ்கெல் கொண்டுவந்ததையெல்லாம் பதினான்கு வருஷம் எதிர்த்து ஓட்டுப் போட்டவள் நான். அமெரிக்காவின் மெய்ன் மாநில மேலவையில் அவர் குடியரசுக் கட்சி, நான் ஜனநாயகக் கட்சி. அவர் வடக்கே கார்வெல் என்கிற காட்டோரச் சிற்றூர்க்காரர். நான் தெற்கே நெசவாலை நகரத்தில் பிரெஞ்சுக் குடும்பத்தில் பிறந்த ஜனீன் திபோடோ. வாய் கொஞ்சம் நீளம். அந்த மனுஷனைப் பற்றி எழுத எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால், அவர் எனக்குச் செய்ததை அவர் வாயால் ஒருநாளும் சொல்லமாட்டார், அவ்வளவுதான்.

வீடுகளைச் சூடாக்கும் ஃபர்னஸைப் பழுதுபார்ப்பது அவர் தொழில். கார்வெலில் அவர் இறங்காத நிலவறை கிடையாது. ஜனவரிக் குளிரில் யார் கூப்பிட்டாலும் போவார். அதனாலேயே முதலில் ஊர் நிர்வாகக் குழுவுக்கும், பிறகு கீழவைக்கும், பிறகு எங்கள் மேலவைக்கும் அனுப்பினார்கள். பெரிய பேச்சாளர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் எந்த மசோதாவையும் கடைசிப் பக்கம் வரை படிப்பார். எல்லாரும் மதியச் சாப்பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருக்கும்போது எழுந்து, முப்பத்தொன்றாம் பக்கத்தில் ஒரு வார்த்தை இடிக்கிறது என்பார். பற்றிக்கொண்டு வரும் எங்களுக்கு. போய்ப் பார்த்தால் இடிக்கத்தான் செய்யும்.

அவர் கட்சிக்காரர்களே அவரை அரைவேக்காடு என்பார்கள். எங்கள் பக்கத்திலிருந்து நல்ல யோசனை வந்தால் கை தூக்கிவிடுவார். தன் பக்கத்து யோசனை மோசம் என்றால் தூக்கமாட்டார். வராந்தாவில் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "என்ன ஜனீன், இன்னைக்கும் என் பிழைப்புல மண்ணுதானா?" என்பார். "மண்ணு உங்க மசோதாவுலதான், பிழைப்புக்குத்தான் ஃபர்னஸ் இருக்கே" என்பேன். எங்கள் நட்பு இந்த லட்சணத்தில்தான் இருந்தது.

அந்த வருஷம் அவர் கொண்டுவந்தது பள்ளி மசோதா. ஒரு சிற்றூரின் பள்ளியை மூட வேண்டுமானால் அந்த ஊரே ஓட்டுப் போட்டுச் சம்மதிக்க வேண்டும் என்பது அதன் சாரம். கார்வெல் உயர்நிலைப் பள்ளியில் அறுபத்தொரு பிள்ளைகள். மாவட்டப் பள்ளிக் குழு அதை மூடத் தயாராக இருந்தது. மசோதா நிறைவேறினால் பள்ளி பிழைக்கும், இல்லாவிட்டால் ஜூனோடு கதவைச் சாத்திவிடுவார்கள். எங்கள் நகரத்திலோ ஒரு வகுப்பில் முப்பத்துநாலு பிள்ளைகள் முட்டிமோதிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பணம் எங்கள் வகுப்புகளுக்கு வரட்டும் என்று நான் எதிர்த்தேன். எண்ணிப் பார்த்ததில் அவர் பக்கம் பதினெட்டு, எங்கள் பக்கம் பதினேழு.

பிப்ரவரியில் ஓட்டெடுப்பு நாள். பனியும் மழையும் கலந்து கொட்டிக்கொண்டிருந்தது. காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து எனக்குப் போன். என் வீட்டுக்காரர் ஆர்மன் சமையலறையில் விழுந்துவிட்டார், மூன்றாவது மாரடைப்பு, உடனே வாருங்கள் என்றார்கள். ஓட்டெடுப்போ பன்னிரண்டு மணிக்கு. எங்கள் கட்சித் தலைவர், இந்தப் பனியில் அந்தப் பக்கம் ஒருவர் வராவிட்டாலும் மசோதா விழுந்துவிடும், இரண்டு மணி நேரம் பொறுத்துப் போகக் கூடாதா என்று கேட்டார். நானும் கோட்டின் ஒரு கையை மட்டும் மாட்டிக்கொண்டு வராந்தாவில் யோசித்தபடி நின்றேன். அப்படி நின்றதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

எங்கள் அவையில் ஒரு வழக்கம் உண்டு. வர முடியாதவர் எதிர்த்தரப்பில் ஒருவரோடு ஜோடி சேர்ந்துகொள்ளலாம். அந்த எதிர்த்தரப்புக்காரர் அவையில் உட்கார்ந்திருந்தாலும் ஓட்டுப் போடமாட்டார், இரண்டு ஓட்டும் கழிந்துவிடும். மெரில் நேராக என்னிடம் வந்தார்.

"இன்னும் ஏன் நிக்கிறே? கிளம்பு. உன்கூட நான் ஜோடி."

"இது உங்க மசோதா, மெரில்."

"எனக்குத் தெரியாதா? நான்தானே எழுதினேன். ரோடு வழுக்கும், மெதுவா ஓட்டு."

கையை நீட்டினார், குலுக்கினேன், ஓடினேன்.

ஒரு மணிக்கு ஆர்மன் கண் விழித்தார். மூன்று மணி நேரம் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி சூப்பைத் திட்டினார். நான் வாக்கப்பட்டு வந்த புதிதில் இறைச்சிப் பணியாரத்தைக் கருக்கிய கதையை எடுத்து வைத்துக் கேலி செய்தார். உன் ஓட்டு என்னவாயிற்று என்று கேட்டார். ஹாஸ்கெல் பார்த்துக்கொள்கிறார் என்றேன். "அந்த அரைவேக்காடா?" என்று சிரித்தார். நாலு மணி தாண்டி, என் கையைப் பிடித்தபடியே போய்விட்டார்.

அவையில் நடந்தது எனக்கு அடக்கம் முடிந்த பிறகுதான் தெரியும். அவைக் குமாஸ்தா சொன்னார். மசோதாவை ஆதரித்த கடற்கரைத் தொகுதிக்காரர் ஒருவரின் கார் வழுக்கிப் பள்ளத்தில் இறங்கிவிட்டது, அவரால் வர முடியவில்லை. பதினாறுக்குப் பதினாறு. சரிசமம் என்றால் மசோதா செத்தது. மெரில் ஒருவர் வாயைத் திறந்தால் போதும், பிழைத்துவிடும். அவர் கட்சிக்காரர்கள் சூழ்ந்துகொண்டு, அந்தம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், உன்னை யார் கேட்கப்போகிறார்கள் என்றார்களாம். "கை குடுத்துட்டேன்" என்று மட்டும் சொன்னாராம். பெயரை வாசித்தபோது எழுந்து, திபோடோவுடன் ஜோடி, அவர் இருந்தால் வேண்டாம் என்பார், நான் வேண்டும் என்பேன், ஆகவே ஓட்டு இல்லை என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

துக்கத்துக்கு வந்தபோது இதில் ஒரு வார்த்தை சொல்லவில்லையே அந்த மனுஷன்! ஒரு பானை அவித்த பீன்ஸோடு வந்தார். நன்றி என்று ஆரம்பித்தேன். "உன் ஃபர்னஸ் இருமுது" என்று சொல்லிவிட்டு, துக்கத்துக்குப் போட்ட கறுப்புக் கோட்டோடு நிலவறைக்கு இறங்கிவிட்டார். விஷயம் தெரிந்த அன்று போனில் கத்தினேன், அழுதேன். ஃபர்னஸ் இப்போது எப்படி ஓடுகிறது என்று கேட்டார். கடிதம் எழுதினேன். வடிகட்டியை மாதம் ஒருமுறை மாற்று என்று பதில் வந்தது. அடுத்த கூட்டத்தொடரில் அந்த மசோதாவை நானே கொண்டுவந்தேன்; கார்வெலுக்கு அது உதவவில்லை. அதற்கு முன்பே ஜூனில் பள்ளியை மூடிவிட்டார்கள். அதே ஜூனில், வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் கட்சிக்குள் நடந்த தேர்தலில் மெரில் தோற்றார். கார்வெலிலேயே நாலில் மூன்று பேர் அவருக்கு எதிராகப் போட்டார்கள். நாரிஸ் டட்டில் என்ற மரம்வெட்டி, மூன்று பிள்ளைகளைத் தினமும் நாற்பது மைல் பஸ்ஸில் அனுப்புகிறவர், ஹாஸ்கெல் நம் பள்ளியைக் கைவிட்டான் என்று வீட்டு வாசலில் பலகையே நட்டார்.

எனக்குத் தாங்கவில்லை. அடுத்த மார்ச்சில் கார்வெலின் வருஷாந்தர ஊர்க்கூட்டம். தப்பு என்னுடையது, அவரை விட்டுவிடுங்கள் என்று இரண்டு பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். மூடிய பள்ளியின் விளையாட்டுக் கூடத்தில்தான் கூட்டம். வெளியூர்க்காரர்களுக்குச் சுவரோரம் ஒரு பெஞ்சு. மெரில் கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தார், இரண்டு பக்கமும் நாற்காலி காலி.

முதல் வேலை கூட்டத் தலைவரைத் தேர்ந்தெடுப்பது. மெரில்தான் பத்தொன்பது வருஷமாகக் கூட்டத்தை நடத்தியவர். இந்தத் தடவை யாரும் அவர் பெயரைச் சொல்லவில்லை. பள்ளிக் கட்டடத்தை விற்பதா வைத்துக்கொள்வதா என்று ஊரே இரண்டாகப் பிரிந்து கிடந்தது. எந்தப் பெயரைச் சொன்னாலும் மறுபாதி முறைத்தது. கடைசியில் எழுந்தவர் நாரிஸ் டட்டில். இவன் என்ன சொல்லப்போகிறானோ என்று எனக்குப் பக்கென்றது.

"மெரில் நடத்தட்டும்" என்றார். "என் கோவம் தீரல. தீரவும் தீராது. ஆனா இங்க நம்ம ரெண்டு பக்கத்தையும் ஏமாத்தாத ஆளு வேற யாரு இருக்கா, சொல்லுங்க பாப்போம்."

சீட்டில் எழுதி ஓட்டுப் போட்டார்கள். நூற்றுமுப்பதில் நூற்றுப்பதினெட்டு அவருக்கு. மெரில் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்து போய் மேடையில் நின்றார்.

நான் பேச அனுமதி கேட்டேன். வெளியூர்க்காரி பேசலாமா என்று அவர் முறைப்படி ஊரைக் கேட்டார். கைகள் எழுந்தன. பதற்றத்தில் நானும் தூக்கிவிட்டேன்.

"ஜனீன், கையை இறக்கு. உனக்கு இங்க ஓட்டு இல்ல" என்றார் மெரில். கூடமே சிரித்தது.

அனுமதி கிடைத்தது. காகிதத்தைப் பிரித்தேன். அவரை மன்னியுங்கள் என்று எழுதியிருந்தேன். அதற்கு இனி வேலை இல்லை. மடித்துப் பையில் வைத்துவிட்டு, ஊரைப் பார்த்து, உங்கள் மெரிலுக்கு நன்றி சொல்லத்தான் வந்தேன் என்று ஆரம்பித்தேன். நாரிஸ் குறுக்கிட்டார்.

"அம்மா, எங்களைப் பாத்துப் பேசக் கூடாது. பேசறவங்க தலைவரைப் பாத்துதான் பேசணும். அதுதான் இங்க விதி."

திரும்பினேன். மெரிலின் காதெல்லாம் சிவந்துவிட்டது.

"மெரில், அன்னைக்கு ஒரு மணியிலேர்ந்து நாலு மணி வரைக்கும் ஆர்மன் பக்கத்துலயே இருந்தேன். அவர் என்னைக் கேலி பண்ணிக்கிட்டே இருந்தாரு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பேச்சாளருக்கு நேரம் முடிந்துவிட்டது என்று நினைக்கிறேன் என்றார்.

"முடியல" என்றார் நாரிஸ். "அவங்க முழுசா சொல்லட்டும். நீ நில்லு."

முழுவதையும் சொன்னேன். அவர் நின்று கேட்டார்.